சுவீடனின் குடியானவர் வீடுகளும் காட்டுப் பழங்களும்

சுவீடன் நாட்டுப்புறத்தில் ‘தொர்ப்’ எனப்படும் சிறு வீடுகளில் சொந்த நிலமில்லாத குடியானவர்கள் வாழ்ந்தார்கள். குத்தகைக்கு ஈடாகப் பண்ணையார் வயலில் உழைத்துக் கழிக்க வேண்டும். கொடுமையான இந்த முறை 1943-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுவீடன்காரர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறியிருந்தார்கள். ஆளற்றுப்போன வீடுகள் பலவற்றை 20-ஆம் நூற்றாண்டில் நகரத்தார் கோடை வீடுகளாக வாங்கினார்கள். ஃபாலுன் செப்புச் சுரங்கக் கழிவிலிருந்து எடுத்த செஞ்சாயம் பூசிய மரச்சுவர், முற்றத்தில் கிழட்டு ஆப்பிள் மரம், யாரோ நட்டுவிட்டுப் போன ருபார்ப் செடி: வாங்கியவருக்குக் கிடைத்தவை இவை.

காட்டு விளைச்சல் பழைய குடிகளின் உயிர்நாடி. 1867-68 பஞ்சத்தில் பைன் மரத்தின் உள்பட்டையை மாவில் கலந்து ரொட்டி சுட்டார்கள். லிங்கன்பெரிப் பழத்தில் இயற்கையாகவே பென்சாயிக் அமிலம் உண்டு. வெறும் தண்ணீரில் ஊறப்போட்டாலே மாதக்கணக்கில் கெடாது. சர்க்கரை வாங்க வழியற்ற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய வரம்! இன்றும் இலையுதிர்காலம் நெருங்கினால் வாளியோடு பழத்துக்கும் மஞ்சள் சான்டரெல் காளானுக்கும் கிளம்புகிறார்கள்.

ஆனால் வீட்டை வாங்கியதால் காட்டுப் பழம் தனிச்சொத்தாகிவிடாது. வீட்டை ஒட்டிய இடம் நீங்கலாக, பிறர் காட்டிலும் எவரும் பறிக்கலாம். வழக்கமாக இருந்த இந்தப் பொது உரிமை 1994-இல் அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது.