காலியில் கிடந்த கல்

மாநாட்டுக்காகக் காலிக்குப் போன நாங்கள், பின்னேரம் கோட்டை மதிலில் ஏறி நடந்தோம். போர்த்துக்கேயர் தொடங்க, 1640இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்த கோட்டை. 1988இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் இந்த ஊருக்கு அதைவிடப் பழைய கதை ஒண்டு இருக்கு.

1911இல், காலி நகரில் மதகொன்றை மூடிக் கிடந்த கல்லில் எழுத்துகள் தெரிந்தன. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த அந்தக் கல்லில் உள்ள ஆண்டு 1409. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரையின் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை. தெனாவரைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தார்கள். கல் தப்பிவிட்டது.

தெற்கில தமிழுக்கு என்ன வேலை எண்டு கேக்கிற ஆக்கள் இண்டைக்கும் இருக்கினம். 600 வருசத்துக்கு முன்னமே, இந்தக் கரையோடு பேச சீனப் பேரரசன் தெரிந்தெடுத்த மொழிகளில் ஒன்று தமிழ். யாவாரிகள் துறைமுகங்களில் புழங்கிய மொழி அது.

கல் இப்ப கொழும்பு தேசிய நூதனசாலையில இருக்கு. ஒருக்கா போய்ப் பாருங்கோ.