வாயில் அடக்கிய வைத்தியம்

நம்முடைய நாவல்களில் கதாநாயகன் புகை பிடிப்பதை விட்டுவிடுவது வெகு சுலபமாக நடந்துவிடும். நாயகியின் கண்ணில் ஒரு துளி நீர் துளிர்க்கும். இவன் பெட்டியை ஜன்னல் வழியே விட்டெறிவான். அடுத்த அத்தியாயத்தில் சிகரெட்டின் பேச்சே இராது. வைராக்கியம் இருந்தால் போதும் என்பது கதாசிரியர்களின் கட்சி. அந்தக் கட்சியை அசைத்துப் பார்த்தது ஒரு கடிதம்.

1967 டிசம்பரில் ஸ்வீடன் தேசத்து லுண்ட் நகரிலிருந்து கிளாஸ் லுண்ட்கிரென் என்ற உடலியல் ஆராய்ச்சியாளர் அதை எழுதினார். பெற்றுக்கொண்டவர், ஹெல்சிங்போர்க்கில் லியோ என்ற மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்த ஓவே ஃபெர்னோ. லுண்ட்கிரென் நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகளைக் கவனித்து வந்தவர். கடலுக்கடியில், மூடிய கப்பலுக்குள் புகைக்க முடியாது. கரையில் ஓயாமல் ஊதித் தள்ளுகிற அதே ஆசாமிகள், கப்பல் அமிழ்ந்ததும் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு நாளை ஓட்டிவிட்டார்கள்! வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் தோன்றாது. லுண்ட்கிரெனுக்குத் தோன்றியது. இவர்கள் தேடுவது புகையை அல்ல, நிகோடினைத்தான் என்றால், அதை மட்டும் தனியே பிரித்துக் கொடுத்தால் என்ன?

ஃபெர்னோவும் புகைக்கிறவர், ஆகவே விஷயம் அவருக்கு எளிதில் புரிந்தது. ஆனால் நிகோடின் லேசில் வசப்படுகிற சரக்கல்ல. மாத்திரையாக விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரலே அழித்துவிடும். கன்னத்தின் உட்புறத் தோல் வழியாக ரத்தத்தில் கலந்தால்தான் பிரயோஜனம். அதற்காகச் சூயிங்கத்தில் சேர்த்தார்கள். சும்மா சேர்த்தால் ஒரே மெல்லலில் எல்லாம் கொட்டிவிடும் என்று, ஒரு வகைப் பிசினோடு அதைப் பிணைத்துவைத்தார்கள். மெல்ல மெல்லத்தான் அது பிரிந்துவரும். 1978-ல் ஸ்விட்சர்லாந்து அதை மருந்தாக ஏற்றுக்கொண்டது. 1984-ல் அமெரிக்கா அனுமதித்தது.

விஷத்துக்கு விஷமா என்று கேட்டவர்கள் உண்டு. லண்டனில் மைக்கேல் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் இதற்கு நெடுநாள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆளைக் கட்டிப்போடுவது நிகோடின். கொல்வதோ புகையில் வருகிற தாரும் நச்சு வாயுக்களும். அடக்கிக்கொள்ளும் புகையிலையும் வாயில் புற்றைக் கொண்டுவருமே! இரண்டையும் விலக்கி நிகோடினை மட்டும் சில மாதம் கொடுத்து, அளவைக் குறைத்துக்கொண்டே வருவதுதான் வைத்தியம். இதைக் கோழைகளின் வழி என்று சொல்வோரிடம் எனக்குக் கொஞ்சமும் அனுதாபமில்லை.

இதிலே வேடிக்கை என்னவென்றால், பல்கேரியாவில் 1964-லிருந்தே ஒரு மாத்திரை விற்றுக்கொண்டிருந்தது. நம் சரக்கொன்றை போல மஞ்சள் சரம் தொங்கும் லேபர்னம் மரத்தின் விதையில் கிடைக்கும் சிடிசின்தான் அதன் சரக்கு. மேல்நாடுகள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. பிற்பாடு அந்தச் சிடிசினை ஆராய்ந்து உண்டாக்கிய வரெனிக்ளின், 2006-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனச்சோர்வுக்கான பூப்ரோபியான் என்ற மருந்துக்கு 1997-லேயே இந்த வேலைக்கும் அனுமதி கிடைத்திருந்தது. வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது. ஆகையால் மாத்திரை வகைகளை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இனி பிளாஸ்திரி. ஈரப் புகையிலை இலையைப் பறிக்கிற தொழிலாளிகளுக்குத் தோல் வழியே நிகோடின் ஏறித் தலை சுற்றுவதுண்டு. கலிபோர்னியாவில் மர்ரே ஜார்விக், ஜெட் ரோஸ் இருவரும் இதையே வைத்தியமாக மாற்ற நினைத்து, முதலில் தங்கள் தோலிலேயே பரீட்சை பார்த்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் பிளாஸ்திரி கடைக்கு வந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது? பிளாஸ்திரி நாள் முழுவதும் நிதானமாக ஊட்டும்; திடீரென்று எழுகிற ஆசைக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. சூயிங்கம் அந்த வேளைக்கு உதவும். இரண்டையும் சேர்த்துக் கையாண்டவர்களே, ஒன்றை மட்டும் நம்பியவர்களைவிட அதிகமாகக் கரையேறினார்கள் என்று பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி அதைச் சவைத்துத் தள்ளினால் விக்கலும் வயிற்றெரிச்சலுந்தான் மிச்சம். நாலு தரம் மென்று, காரம் தட்டியதும் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். பாட்டிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை!

காபி மட்டும் இதற்கு ஜென்மப் பகை. அதன் புளிப்பு வாயில் இருக்கும்வரை நிகோடின் உள்ளே இறங்காது. கால் மணி நேரம் பொறுக்கவேண்டும். டம்ளரைக் கீழே வைத்த கையோடு தீப்பெட்டியைத் தேடிப் பழகியவருக்கு அந்தக் கால் மணியைத் தள்ளுவது பெரும்பாடு. காலையிலேயே தோளில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்திரி அப்போதுதான் கைகொடுக்கிறது.