வெட்டுமேசையிலிருந்து கணினித் திரைவரை: பேலியகொடைச் சந்தியும் படத்தொகுப்புக் கல்வியின் வரலாறும்

பேலியகொடையைத் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு புறநகராகவும், 2011இல் மத்திய மீன் சந்தையும் 2020இல் மெனிங் சந்தையும் குடிபெயர்ந்த இடமாகவுமே கொழும்பு வாசிகள் அறிவர். களனி கங்கையைக் கடந்ததும் நெடுஞ்சாலை இரண்டாகப் பிரியும் சந்தி அது. நீர்கொழும்பு வீதியிற் சென்றால் வத்தளை, ஹெந்தளை, கந்தானை; கண்டி வீதியிற் சென்றால் களனி, தளுகம, கிரிபத்கொடை. கந்தானையில் எஸ். எம். நாயகத்தின் ஸ்ரீ முருகன் நவகலா, ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா, தளுகமவில் திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் சரசவி என இலங்கையின் முக்கிய படப்பிடிப்பு நிலையங்கள் சில இவ்விரு வழிகளிலும் அமைந்தன. நிலம் மலிவு, நகரம் அண்மை என்னும் பொருளியற் காரணங்களை இங்கு ஊகிப்பது கடினமன்று. இந்நிலையங்களின் உரிமையாளரையும் நடிகரையும் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, அங்கே இருட்டறையில் அமர்ந்து படச்சுருளை வெட்டி ஒட்டிய உழைப்பாளியைப் பற்றி எழுதப்படவில்லை. அவ்வுழைப்பு எவ்வாறு கற்கப்பட்டது என்பதே நாம் இங்கு நோக்கப்புகும் வினா.

1947 சனவரியில் வெளியான முதற் சிங்களப் பேசும் படமாகிய ‘கடவுனு பொறொந்துவ’ மதுரையில், நாயகத்தின் சித்ரகலா நிலையத்தில் உருவாயிற்று. ஆரம்பகாலச் சிங்களத் திரைப்படங்கள் பல தென்னிந்தியத் தொழில்நுட்பக் கலைஞரின் கைகளினூடாகவே பிறந்தன. கலைத்துறையில் இந்தியச் செல்வாக்கு என்று பொதுவாகக் கண்டிக்கப்படும் இந்நிலைமைக்கு மற்றொரு பக்கமும் உண்டு: தொழிலறிவு தமிழ் பேசும் பட்டறைகளிலிருந்து இத்தீவுக்கு வந்தது என்பதே அது. மறுபுறத்தில், 1948இல் நிறுவப்பட்ட அரசாங்கத் திரைப்படப் பிரிவு, இத்தாலியரும் ஆங்கிலேயருமான ஆவணப்பட நெறியாளர்களின் கீழ் வேறொரு பயிற்சி மரபைத் தொடக்கிவைத்தது. அப்பிரிவிலிருந்து விலகிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், தொகுப்பாளர் டைட்டஸ் டி சில்வா (பின்னர் டைட்டஸ் தொட்டவத்த) ஆகிய மூவருமே 1956இல் ‘ரேகாவ’வை உருவாக்கினர். அப்படத்தின் புதுமை பற்றிய விவாதங்களிலே தொகுப்பாளரின் பெயர் மூன்றாவதாகவே வரும். அதுவும் சில வேளைகளில்தான்.

அக்காலத்துத் தொகுப்புக் கல்வி முற்றிலும் உடலுழைப்பு சார்ந்தது. 35 மில்லிமீற்றர்ச் சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள். வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். எனவே ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடி, ஒன்றரை மணி நேரப் படத்துக்கு 8,100 அடி. இத்துணை நீளத்தை இலக்கமிட்டு, துண்டுதுண்டாகத் தொங்கவிட்டு, கேட்டபோது எடுத்துக் கொடுப்பதே உதவியாளனின் முதற் பாடம். வெட்டும் உரிமை பின்னரே கிடைக்கும். ஒட்டுவதற்குச் சுருளின் விளிம்பைச் சுரண்டும்போது ஒரு சட்டகம் வீணாகுமாதலால், வெட்டுவதற்கு முன் சிந்திக்கும் பழக்கத்தைப் பொருளின் விலையே கற்பித்தது. இவ்வாறு குருவின் அருகிருந்து கற்பது போற்றற்குரியதெனினும், அதைக் கற்பனாவாத நோக்கிற் காண்பதற்கில்லை. ஊதியமின்றிப் பல ஆண்டுகள் காத்திருக்கக் கூடியவர்களுக்கும், நிலையத்தாரின் அறிமுகம் பெற்றவர்களுக்குமே அம்மேசை திறந்திருந்தது. பெண்களுக்கு அது பெரும்பாலும் திறக்கவேயில்லை.

இலங்கைத் தமிழ்த் திரைப்படம் இம்மேசையை நிலையாகத் தனதாக்கிக் கொள்ளவில்லை. 1962இல் ‘சமுதாயம்’ தொடக்கம் எழுந்த முயற்சிகள், தென்னிந்தியப் படங்களின் வணிகப் போட்டிக்கிடையே இடைவிட்டு இடைவிட்டே நிகழ்ந்தன. 1972இல் ‘குத்துவிளக்கு’, 1977இல் காவலூர் இராசதுரையின் எழுத்தில் தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய ‘பொன்மணி’, 1978இல் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ என்பன குறிப்பிடத்தக்கவை. இவற்றுட் ‘பொன்மணி’, சிங்கள, தமிழ்க் கலைஞர் ஒரே பணியறையில் இணைந்து உழைக்க முடியும் என்பதற்குச் சான்றாக நிற்கிறது. ஆயினும் தொடர்ச்சியான உற்பத்தி இல்லாதவிடத்துத் தொழிற்பரம்பரை உருவாகாது. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா நிலையம் எரிக்கப்பட்டபோது, அங்கிருந்த மூலச்சுருள்களும் சாம்பராயின. அவற்றுட் சிங்களப் படங்களும் இருந்தன. இனவெறி தன் சொந்த மொழியின் நினைவையும் எரிக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நம் கலை வரலாற்றில் இல்லை.

இதற்குச் சற்று முன்னரே, 1982 பெப்ரவரியில், யப்பானிய உதவியுடன் ரூபவாஹினி தொடங்கியிருந்தது. தொட்டவத்த அங்கு ஒலிமாற்றுப் பிரிவை வழிநடத்தினார் என்பது, வெட்டுமேசை மரபு தொலைக்காட்சிக்குள் புகுந்த வழியைக் காட்டும். ஆனால் காந்த நாடாவின் தர்க்கம் வேறு. ஓர் இயந்திரத்திலிருந்து மற்றொன்றுக்குப் பிரதிசெய்தே அதில் தொகுக்க வேண்டும்; நடுவில் ஒரு காட்சியை நுழைக்க விரும்பின் பின்னுள்ள யாவற்றையும் மீளப் பதியவேண்டும்; பிரதிக்குப் பிரதி உருவம் மங்கும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கலியாண வீடுகளைப் படம்பிடித்தோர் இக்கலையைக் கடைகளின் பின்னறைகளிற் பயின்றனர். புலம்பெயர்ந்த உறவினருக்கு அனுப்பப்பட்ட அந்நாடாக்களைக் கலையென எவரும் கருதவில்லை. எனினும் சிதறிய ஒரு சமூகத்தின் வாழ்வை அவையே பதிவுசெய்தன.

1989இல் அவிட், 1991இல் பிரீமியர், 1999இல் பைனல் கட் எனத் தொகுப்பு மென்பொருள்கள் அடுத்தடுத்துத் தோன்றின. எந்தக் காட்சியையும் எவ்விடத்தும் நுழைக்கும் பழைய சுருளின் சுதந்திரம் இவற்றால் மீண்டது. சுருளின் விலையோ மறைந்தது. சுவையான ஒரு செய்தி: மென்பொருளின் சொற்கள் பல பழைய பட்டறைக்குரியவை. சுருட்துண்டுகள் தொங்கிய கூடையே ‘பின்’. வெட்டியது சவர அலகு. அதன் உருவம் இன்றும் பிரீமியரின் திரையில் உண்டு. வரலாறு அறியாத தொடக்கநிலை மாணவன் ‘பின்’ என்பதைக் குப்பைக்கூடை என எண்ணி மயங்குவதில் வியப்பில்லை.

இலவசப் பதிப்புகள் வந்தபின் கற்கும் வாயில் அகன்றது. பேலியகொடையில் ஒரு வாடகை அறையில் இருப்பவரும் பழைய கணினி ஒன்றுடன் இன்று தொடங்கலாம். எந்த நிலையத்தாரின் தயவும் வேண்டியதில்லை. இது சனநாயகப்பாடு என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும் கருவி கற்பிப்பது கட்டளைகளையே. ஒரு முகத்தை எத்தனை சட்டகங்கள் நிறுத்தவேண்டும், உரையாடல் முடியுமுன் கேட்பவரைக் காட்டலாமா என்பனவற்றை அருகிருந்தோர் திருத்தாவிடின் தானே பலமுறை வெட்டிப்பார்த்துத்தான் அறிய வேண்டும். தொடக்கநிலையாளர் இடறும் இடங்களும் பெரும்பாலும் பழைய உதவியாளனின் பாடங்களே: கோப்புகளுக்குப் பெயரிட்டு ஒழுங்குசெய்யாமை, மூலத்தை இடம்மாற்றிவிட்டுத் தேடுதல், வினாடிக்கு 30 சட்டகங்களாகக் கைப்பேசியில் எடுத்ததை 25 சட்டகத் தொலைக்காட்சி நியமத்துடன் கலத்தல்.

இவற்றினும் ஆழமான இடர்ப்பாடு எழுத்திலே உள்ளது. தமிழ் ஒருங்குறி எழுத்தைப் பல தொகுப்பு மென்பொருள்கள் நெடுங்காலம் சரிவரக் காட்டவில்லை. ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியே சிதறும். ஆகவே இலங்கைத் தொகுப்பாளர் பாமினி எழுத்துருவைக் கைக்கொண்டனர். கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும் அத்தலைப்பைக் கணினி ஆங்கில எழுத்துக்களின் பொருளற்ற கோவையாகவே வைத்திருக்கும். குறைபாடு பெருமளவு நீங்கிய பின்னரும் பழக்கம் நீங்கவில்லை. மூலச்சுருள்களைத் தீயிற் பறிகொடுத்த சமூகமொன்று இன்று தன் நேர்காணல்களையும் நினைவுகூரல்களையும் ஊர்வலங்களையும் இம்மென்பொருள்களிலேயே தொகுத்து வைக்கிறது. அத்தொகுப்புக் கோப்புகளில் ஓர் ஊரின் பெயரையோ ஒரு பேச்சாளரின் பெயரையோ நாளை ஓர் ஆய்வாளர் தமிழில் தட்டித் தேடினால், பாமினியில் எழுதப்பட்டவை அவருக்குக் கிடைக்கமாட்டா.