உபினில் பிறந்து உட்லண்ட்ஸில் கிடக்கும் கல்

உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாருவுக்குச் சாமான் வாங்கவும், இராஜ காளியம்மன் கண்ணாடிக் கோயிலில் கும்பிடவும் நாம் தாண்டிப்போகிற கடற்பாலம் தூண்களின் மேல் நிற்கவில்லை. கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கொட்டி எழுப்பிய மேடு அது. கல்லில் ஒரு பங்கை புக்கிட் தீமா கொடுத்தது. இன்னொரு பங்கு, கிழக்கே கிடக்கும் உபின் என்ற சின்னத் தீவிலிருந்து கடல்வழியாக வந்தது. தினமும் மூன்று லட்சம் பேருக்கு மேல் தாங்குகிற அந்தக் கல்லுக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

உபின் சுமார் 10 சதுர கிலோமீட்டர். தவளை, பன்றி, யானை மூன்றும் ஜோகூர் கரைக்கு நீந்திப் போகப் பந்தயம் கட்டித் தோற்றுக் கல்லாகிப் போயின என்பது மலாய்க் கதை. தவளை செகுடு தீவானது. மற்ற இரண்டும் உபின். அந்தக் கருங்கல்லுக்கு 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது. பூமிக்கு அடியில் உருகிய குழம்பு மெல்ல ஆறி இறுகியதால் கையளவு துண்டிலும் மணிமணியாகத் தெரியும்: கண்ணாடிபோல் மின்னும் குவார்ட்ஸ், வெளிறிய ஃபெல்ஸ்பார், நடுவே கறுப்புப் புள்ளிகள். உப்புக் காற்றும் அலையும் எளிதில் அரிக்காத கல். அதனால்தான் 1850-51இல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய தாம்சன் உபினைத் தேடிப் போனார். சில ஆண்டுகளில் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்கு அங்கே கல் உடைத்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். சென்னை மாகாணத்திலிருந்தும் சிங்கப்பூருக்கு அப்படி ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். இந்த ஊரில் தமிழர் உழைப்பைப் பேசும்போது சிராங்கூன் சாலையோடு நிறுத்திக்கொள்கிறோம். கைதிகளை விட்டுவிட்டுப் பேசுவது அநியாயம்.

கடற்பாலம் வருவதற்கு முன் உட்லண்ட்ஸ்தான் ரயில் பாதையின் கடைசி முனை. 1903இல் தண்டவாளம் அங்கே வந்து கடலைப் பார்த்து நின்றுவிட்டது. பயணிகள் இறங்கிப் படகேறினார்கள். சரக்கு வண்டிகளை மிதவைகளில் ஏற்றிக் கடத்தினார்கள். மலாயாவின் ரப்பரும் ஈயமும் பெருகப் பெருக மிதவைகள் திணறின. நீரிணைக்குக் குறுக்கே கல்லணை போடுவதென முடிவாகி 1919இல் வேலை தொடங்கியது. 1920 ஏப்ரல் 24ஆம் நாள் ஆளுநர் கில்லமார்ட் தலைமையில் அடிக்கல் விழா. இரண்டாயிரம் பேருக்கு மேல் உழைத்தார்கள். சுமார் 15 லட்சம் கன கெஜம் கல், 1 கோடியே 70 லட்சம் வெள்ளி, 1,056 மீட்டர் நீளம். 1923 செப்டம்பரில் சரக்கு ரயில், அக்டோபரில் பயணிகள் ரயில், 1924 ஜூன் 28இல் முறையான திறப்பு விழா.

பதினெட்டு ஆண்டுகூட ஆகவில்லை, கட்டியவர்களே அதை உடைத்தார்கள். 1942 ஜனவரி 31 காலை, ஜப்பானியரிடமிருந்து பின்வாங்கிய கடைசிப் படைகள் சிங்கப்பூருக்குள் வந்ததும் பிரிட்டிஷார் வெடி வைத்து எழுபது அடிக்கு இடைவெளி உண்டாக்கினார்கள். ஜப்பானியர் பிப்ரவரி 8 இரவு வேறு இடத்தில் படகுகளில் கரையேறினர்; உடைந்த இடத்தையும் சீக்கிரமே சரிசெய்துவிட்டார்கள். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. எழுபது அடியை நம்பி ஓர் ஊரைக் காக்க முடியாது.

இந்தக் கல் வண்டியை மட்டும் சுமக்கவில்லை. 1927இல் ஜோகூரோடு தண்ணீர் ஒப்பந்தம் கையெழுத்தானபின், குனோங் பூலாய் நீர் இதன் மேல் கிடத்திய குழாய்களில்தான் நம் வீட்டுக்கு வந்தது. கடற்பாலத்தை ஒட்டி உட்லண்ட்ஸ் கரையோரம் இருந்த கம்போங் லோரோங் பாத்திமா என்ற மலாய்க் கிராமம் சோதனைச்சாவடி விரிவாக்கத்துக்காக அகற்றப்பட்டது. 2011 ஜூலை 1 முதல் மலாயன் ரயில் தஞ்சோங் பகாருக்குப் போவதில்லை, உட்லண்ட்ஸோடு நின்றுவிடுகிறது. அடுத்து வரும் ஆர்டிஎஸ் ரயில் கல்லைத் தொடாமல், தூண்களின் மேல் நீரிணையைத் தாண்டும்படி கட்டப்படுகிறது.

உபினில் கடைசிக் குவாரி 1999இல் மூடப்பட்டது. வெட்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் குளங்களாகிவிட்டன. பெக்கான் குவாரியில் நாரைகள் கூடு கட்டுகின்றன. குவாரி வேலை போனதும் ஆட்களும் போய்விட்டார்கள். ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த தீவில் இன்று சில டஜன் பேர்தான் மிச்சம். சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். பத்து நிமிடப் பயணம். அடுத்த பள்ளி விடுமுறையில் ஜோகூர் பாருவுக்குப் பதிலாகப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள். சைக்கிளை வாடகைக்கு எடுத்துக் குவாரிவரை ஓட்டிப்போய், உட்லண்ட்ஸ் கடற்பாலத்துக்குக் கல் கொடுத்த தீவு இதுதான் என்று சொல்லிக்கொடுங்கள்.