முனையில்லாத கயிறு

ஒரு பழைய கார் ஷெட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஸ்காட்லாந்தோ அமெரிக்காவோ, எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். காரை வெளியே துரத்திவிட்டு அந்த இடத்தில் ஒரு மேஜை போட்டிருக்கிறார் வீட்டுக்காரர். மேஜைமேல் அலுமினியச் சட்டத்தில் ஒரு குட்டி மெஷின். அதன் நடுவே தொங்கிக்கொண்டு, பல் டாக்டரின் டிரில் மாதிரி கத்துகிறது ஒரு மோட்டார். கீழே ஒரு ஓக் மரப் பலகை. மோட்டார் நுனியில் சுழலும் சின்ன பிட் போகிறது, வருகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. மரத்தூள் பறக்கிறது. மூன்று மணி நேரம் கழித்துத் தூளை ஊதிவிட்டுப் பார்த்தால், பலகையில் ஒரு கயிறு. தன்னையே தாண்டி, தன் அடியிலேயே நுழைந்து, வளைந்து, திரும்பி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்ட கயிறு. ஆரம்பம் எது, முடிவு எது? தேடாதீர்கள். கிடையாது.

செல்டிக் முடிச்சு என்று இதற்குப் பெயர். மோதிரத்தில், பச்சை குத்தலில், கல்லறைக் கல்லில் எங்காவது பார்த்திருப்பீர்கள். சி.என்.சி. மெஷின் ஒன்றை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, பொழுதுபோக்காக மரம் செதுக்குகிறவர்களுக்கு இதன்மேல் தீராத மோகம்.

மெஷினுக்கு மோகமெல்லாம் கிடையாது. அது ஒரு சொன்னதைச் செய்யும் சுப்பன். எக்ஸ் இவ்வளவு, ஒய் இவ்வளவு, இஸட் இவ்வளவு என்று வரிசையாக எண்களைக் கொடுத்தால் அங்கே போகும். கொடுக்காவிட்டால் சும்மா நிற்கும். ஆக, கயிறு எந்தப் புள்ளியில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை யாராவது விதியாகச் சொல்லியாக வேண்டும். முதலில் வரைந்தவர்கள் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவர்கள் மண்ணுக்குள் போய் ஆயிரத்து இருநூறு வருஷமாகிறது.

அப்படியானால் யார் சொன்னது?

அதற்கு முன்னால் அயோனாவுக்குப் போய்விட்டு வந்துவிடலாம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய குட்டித் தீவு. அயர்லாந்திலிருந்து வந்த கொலும்பா என்கிற துறவி, 563ல் அங்கே ஒரு மடாலயம் அமைத்தார். பிரார்த்தனை, விவசாயம், அப்புறம் புத்தகம் எழுதுவது. அச்சு இயந்திரம் இல்லாத காலம். கன்றுக்குட்டித் தோலைப் பதப்படுத்தி, இறகுப் பேனாவால் பைபிளைப் பிரதி எடுப்பார்கள். எழுத்து மட்டும் போதாது என்று நினைத்தார்களோ என்னவோ, பக்கம் பக்கமாகப் பின்னல் போட்டார்கள். சில முடிச்சுகளைச் சரியாகப் பார்க்கவே உங்களுக்கு இன்று பூதக்கண்ணாடி வேண்டும்.

அந்த அமைதி நீடிக்கவில்லை. 795ல் வைகிங்குகள் வந்தார்கள். 802ல் திரும்ப வந்தார்கள். 806ல் வந்தபோது 68 பேரைக் கொன்று போட்டார்கள். பிழைத்தவர்களில் ஒரு கூட்டம் கடல் தாண்டி அயர்லாந்தில் கெல்ஸ் என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் 'கெல்ஸ் புத்தகம்', அயோனாவில் தொடங்கி இவர்களோடு கெல்ஸுக்கு வந்தது என்பதுதான் பல அறிஞர்களின் கருத்து. அங்கேயும் நிம்மதி இல்லை. 1007ல் திருட்டுப் போனது. இரண்டு மாதத்துக்கும் மேல் கழித்து மண்ணுக்கு அடியில் கிடைத்தது. மேலே இருந்த தங்கத்தை மட்டும் கழற்றிக்கொண்டு, உள்ளே இருந்ததைப் புதைத்துவிட்டுப் போயிருந்தான் திருடன். பிழைப்புத் தெரிந்தவன். ரசனைதான் கொஞ்சம் மட்டு.

புத்தகங்கள் பிழைத்தன. போட்டவர்களின் சூட்சுமம் பிழைக்கவில்லை. 'முதலில் இங்கே புள்ளி வை, அப்புறம் இப்படி இழு' என்று ஒரு துண்டுத் தோலில்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரே ஒரு தடயம் உண்டு. இங்கிலாந்தின் வடகிழக்கே லிண்டிஸ்ஃபார்ன் தீவில், 8ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான சுவிசேஷப் புத்தகத்தில், சித்திரப் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் காம்பஸ் முனை குத்திய துளைகள். கட்டம் போட்ட மெல்லிய கோடுகள். அதாவது, கண்ணை மூடிக்கொண்டு கை போன போக்கில் வரைந்ததல்ல. கணக்கு இருக்கிறது.

இந்நேரம் உங்கள் வீட்டில் யாராவது எட்டிப் பார்த்து, 'இது நம்ம சிக்குக் கோலம்தானே?' என்று கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்வி. அங்கிருந்து இங்கே வந்தது, இங்கிருந்து அங்கே போனது என்றெல்லாம் ஆரம்பித்துவிடாதீர்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே கணிதம். மூன்றுக்கு நான்கு என்று புள்ளி வைத்து, எல்லாப் புள்ளியையும் சுற்றிக்கொண்டு சாய்வாகப் பின்னிப் பாருங்கள். ஒரே கயிறு வரும். நான்குக்கு நான்கு வைத்தால் நான்கு தனித்தனிக் கயிறுகள். நான்குக்கு ஆறு என்றால் இரண்டு. பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொது வகு என்று ஒன்றைப் போட்டுப் படுத்தினார்களே, ஞாபகமிருக்கிறதா? அதேதான். இரண்டு எண்களின் பொது வகு எவ்வளவோ, அத்தனை கயிறு. பி.காம். படித்த எனக்கே புரிகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோலத்தின் இலக்கணத்தைக் கம்ப்யூட்டர் மொழியில் ஆராய்ந்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய சகாக்களும் 1974லேயே கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம். கோலத்தில் கோடும் கோடும் வெட்டிக்கொண்டு போகும், அவ்வளவுதான். செல்டிக் முடிச்சில் ஒன்று மேலே போயாக வேண்டும், இன்னொன்று கீழே. மேலே, கீழே, மேலே, கீழே. கடைசிவரை இந்த வரிசை தப்பக்கூடாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் இங்கேதான் மாட்டப் போகிறது.

சூட்சுமத்தை முதலில் பிரித்து மேய்ந்தவர் ஓர் என்ஜினீயர். ஜான் ரோமிலி ஆலன். துறைமுகங்கள் கட்டிக்கொண்டிருந்த மனிதர், பழங்கற்கள்மேல் ஆசைப்பட்டு அந்தப் பக்கம் வந்துவிட்டார். ஸ்காட்லாந்தின் பழைய கற்சிலுவைகளைப் பற்றி 1903ல் ஒரு பிரம்மாண்டமான தொகுப்பு வெளியானது. அதில் அவர் செய்த காரியம் எளிமையானது, அபாரமானது. எல்லா முடிச்சும் சாதாரண ஜடைப் பின்னலிலிருந்து வந்தது என்றார். பின்னலில் இரண்டு கயிறு வெட்டிக்கொள்ளும் இடத்தை எடுத்துக்கொள். வெட்டிக்கொள்ள விடாமல் இரண்டையும் பிரித்து, வந்த பக்கமே திருப்பிவிடு. இப்படிச் சில இடங்களில் முறித்தால் முடிச்சு பிறக்கிறது. கிட்டத்தட்ட எல்லா முடிச்சுகளுக்கும் எட்டே எட்டு அடிப்படை வடிவங்கள்தான் என்றும் வகைப்படுத்திக் காட்டினார்.

நான்குக்கு நான்கில் நான்கு கயிறு வந்ததே, அங்கே இதைச் செய்து பாருங்கள். இரண்டு வேறு கயிறுகள் சந்திக்கும் இடத்தில் முறித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பார்த்துப் பார்த்து மூன்று இடத்தில் முறித்தால் போதும். நான்கும் ஒரே கயிறு.

ஆலன் சொன்னது, முடிந்துபோன முடிச்சைப் பார்த்து வகைப்படுத்தும் வழி. வெறும் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் எங்கே ஆரம்பிப்பது? அதைச் சொன்னவர் ஜார்ஜ் பெய்ன். 1881ல் ஸ்காட்லாந்தின் வடகோடியில், காய்த்னஸ் பகுதியில் பிறந்தவர். கர்காடி ஊர் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் வாத்தியார். பழைய கற்களையும் புத்தகங்களையும் விடாமல் பிரதி எடுத்துப் பிரதி எடுத்து, படிப்படியான ஒரு முறையைக் கண்டுபிடித்தார். முதலில் புள்ளி வரிசை. அப்புறம் சாய்வுப் பின்னல். எங்கே முறிப்பது என்று தீர்மானம். கோட்டை இரட்டிப்பாக்கிப் பட்டையாக்குவது. மேல் கீழ் போடுவது. பள்ளிக்கூடப் பையன்களுக்கே சொல்லிக் கொடுத்தார். அவர்களும் போட்டார்கள்.

1946ல் ஓய்வு பெற்றார். ஓர் ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார் என்ன செய்வார்? தோட்டத்தில் முட்டைக்கோஸ் போடுவார். இவர் கல்லூரி ஆரம்பித்தார். ராட்சசப் பிராணி இருப்பதாகக் கதை கட்டுகிறார்களே, லாக் நெஸ் ஏரி, அதன் கரையில் டிரம்னட்ராகிட் கிராமத்தில் செல்டிக் கலைக்கென்று ஒரு கல்லூரி. நூலில், தோலில், மரத்தில், கல்லில் ஊர் மக்கள் மறுபடி இதைச் செய்ய வேண்டும், அதை வைத்துப் பிழைக்கவும் வேண்டும் என்பது அவர் கனவு. ஓடவில்லை. சில வருஷங்களில் மூடிவிட்டார்.

1951ல் தன் முறை மொத்தத்தையும் ஒரே புத்தகமாகப் போட்டார். கிளாஸ்கோவில் வெளியானது. விற்கவில்லை. 1968ல் இறந்து போனார்.

இறந்து ஐந்தாவது வருஷம். 1973ல் நியூயார்க்கின் டோவர் நிறுவனம் அந்தப் புத்தகத்தை மலிவுப் பதிப்பாகப் போட்டது. அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. நகை செய்கிறவர், பச்சை குத்துகிறவர், தோல் வேலைக்காரர், எம்பிராய்டரி போடுகிறவர் எல்லோரும் வாங்கினார்கள். பல பதிப்புகள் கண்டது. இவர் மகன் இயன் பெய்ன் 1986ல் அதை இன்னும் எளிமைப்படுத்தி ஒரு புத்தகம் போட்டார். கல்லூரிக்கு மாணவர்கள் வந்து சேரவில்லை என்று மூடிய மனிதருக்கு, இன்றைக்கு உலகம் முழுக்க மாணவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது.

பெயர் என்றதும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 'செல்டிக் முடிச்சு' என்கிறோமே, பழைய செல்டுகள் முடிச்சுப் போட்டதில்லை. கிறிஸ்தவத்துக்கு முந்தைய அவர்கள் கலையில் சுருள் இருக்கிறது, சுழி இருக்கிறது. பின்னல் இல்லை. பின்னல் வந்தது ரோமானியத் தரை மொசைக்கிலிருந்தும், ஜெர்மானியப் பொற்கொல்லர்களின் கைவேலையிலிருந்தும், மத்தியதரைக் கடல் பக்கமிருந்தும். லிண்டிஸ்ஃபார்ன் புத்தகத்தை எழுதியவர் என்று சொல்லப்படும் ஈட்ஃப்ரித், ஓர் ஆங்கிலோ சாக்ஸன் பிஷப். 'செல்டிக்' பிராண்ட் ஒட்டியதில் 19ம் நூற்றாண்டு வியாபாரிகளுக்கும் பங்கு உண்டு. 1850ல் அயர்லாந்தின் பெட்டிஸ்டவுன் கடற்கரையில் ஒரு பழைய உடைப் பின் கிடைத்தது. டப்ளின் நகை வியாபாரி வாட்டர்ஹவுஸ் அதை வாங்கி, 'தாரா புரூச்' என்று பெயர் வைத்தார். தாரா, பழைய அயர்லாந்து அரசர்களின் குன்று. பின்னுக்கும் குன்றுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் பிரதிகள் சக்கைப்போடு போட்டன. விக்டோரியா மகாராணியே வாங்கினார். இந்த முடிச்சுக்குக் காதல், அந்த முடிச்சுக்கு ஆயுசு என்று இன்று கடைகளில் அட்டை போட்டு விற்கிறார்களே, அதுவும் இந்த ரகம்தான். அப்படி ஓர் அகராதியை எந்தத் துறவியும் எழுதி வைக்கவில்லை.

சரி, மெஷினுக்கு வருவோம். அதுவும் அலங்காரத்துக்குப் பிறந்ததல்ல. ஹெலிகாப்டர் இறக்கைகளைத் துல்லியமாகச் செய்வதற்காக ஜான் பார்சன்ஸ் என்கிற அமெரிக்கர் கணக்குப் போடத் தொடங்கினார். விமானப்படை பணம் கொடுத்தது. 1952ல் எம்.ஐ.டி.யில், துளை போட்ட காகித நாடாவைப் படித்துத் தானே உலோகம் செதுக்கும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். ரொம்ப காலத்துக்கு அது பெரிய ஃபேக்டரிகளின் சொத்து. 2005ல் இத்தாலியில் ஆர்டுயினோ என்ற மலிவான சர்க்யூட் போர்டு வந்தது. 2009ல் நார்வேக்காரர் ஒருவர் அந்தக் குட்டி போர்டிலேயே மெஷினை ஓட்டும் கிரிபிள் என்கிற மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்தார். ஹெலிகாப்டர் தொழில்நுட்பம் கார் ஷெட்டுக்கு வந்துவிட்டது.

எக்ஸும் ஒய்யும் பெய்ன் முறையில் வந்துவிடும். புள்ளி வை, பின்னு, முறி. இஸட் என்கிற ஆழம்தான் தகராறு. காகிதத்தில் ஒரு கயிறு அடியில் போகிறது என்று காட்ட என்ன செய்வீர்கள்? அந்த இடத்தில் கோட்டை அழித்துவிடுவீர்கள். கண் நம்பிவிடும். மரத்தில் அழிக்க ரப்பர் கிடையாது. சோம்பேறி வழி ஒன்று உண்டு. முனை கூரான வி-பிட்டைப் போட்டு ஓரக்கோட்டை மட்டும் பள்ளமாக இழுத்துவிடலாம். சீக்கிரம் முடியும், பார்க்கவும் அழகு. ஆனால் கயிறு தட்டையாகக் கிடக்கும். நிஜக் கயிறு வேண்டுமென்றால், சந்திப்புக்கு முன்னாலேயே மெதுவாக இறங்கி, அடியில் போய், மெதுவாக ஏற வேண்டும். பக்கத்துச் சந்திப்பில் அதே கயிறு மேலே போக வேண்டும். சந்திப்புகள் நெருக்கமாக இருந்தால் இறங்கி ஏற இடமே இருக்காது. பட்டையைச் சிறிதாக்கு, பள்ளத்தைக் குறை என்று வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் மல்லுக்கட்டுவார். எங்காவது ஒரு சந்திப்பில் மேல் கீழை மாற்றிப் போட்டுவிட்டாரா? மெஷின் வாயே திறக்காது. தப்பையும் துல்லியமாகச் செதுக்கி வைக்கும்.

நேரத்துக்கும் ஒரு கணக்கு. 200 மில்லிமீட்டர் சதுரப் பலகை. உருண்டை முனை பிட் ஒவ்வொரு முறையும் 0.2 மில்லிமீட்டர் நகர்ந்தால், 1,000 முறை போய் வர வேண்டும். மொத்தம் 200 மீட்டர் ஓட்டம். நிமிஷத்துக்கு ஒரு மீட்டர் வேகம் என்றால் 200 நிமிஷம். அதற்கு முன்னால் பெரிய பிட்டால் வேண்டாத மரத்தைக் கழிக்கிற நேரம் தனி.

எல்லாம் முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. உருண்டையாகச் சுழலும் பிட் கூர்மையான உள்மூலைக்குள் நுழையாது. இரண்டு கயிறு சந்திக்கும் இடத்தில் எல்லாம் நான்கு மூலைகள். ஒவ்வொன்றிலும் துளியூண்டு மரம் வெட்டப்படாமல் நிற்கிறது. மரநார் குறுக்கே போன இடங்களில் பிசிறு. வீட்டுக்காரர் மோட்டாரை அணைக்கிறார். மேஜை விளக்கைப் பலகைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்கிறார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு சின்ன உளியை எடுத்து முதல் மூலையில் வைக்கிறார்.