துளையும் நீரும்: அம்பாசிடர் காரின் ரேடியேட்டர் ஒழுகல் பற்றிய ஆய்வு

1. எல்லை

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசைக் காரை மூலமாகக் கொண்ட அம்பாசிடரின் உற்பத்தி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதத்தில் நின்றது. அதற்கு முன் அரை நூற்றாண்டுக்கு மேலாக உருமாற்றம் அதிகமின்றி ஓடிய வண்டி அது. பின்னாளில் இசுஸு எஞ்சின் பொருத்திய வண்டிகளும் வந்தன. இங்கே ஆராய்வது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் செம்பு, பித்தளை ரேடியேட்டரும் கொண்ட பழைய வண்டியை மட்டுமே. அலுமினிய மையமும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்ட பிற்கால ரேடியேட்டருக்கு வைத்தியம் வேறு, பெரும்பாலும் மாற்றுவதுதான்.

இந்த ரேடியேட்டர் ஒழுகும்போது எல்லோர் கண்ணும் துளையின் மேல்தான் நிற்கிறது. ஒழுகியதற்கு ஈடாக இதுவரை எந்த நீரை ஊற்றினோம் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் அடைத்த துளை, பக்கத்திலேயே இன்னொன்றாகத் திறக்கும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. அமைப்பு

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளிர்விப்பு நீருக்குப் போகிறது. நீர் அதை ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குக் கொண்டுவர, குழாய்களோடு ஒட்டிய தகடுகளின் வழியே காற்று வாங்கிக்கொள்கிறது. ரேடியேட்டர் என்ற பெயரே பொருந்தாத பெயர்: கதிர்வீச்சால் வெளியேறும் வெப்பம் சொற்பம், காற்றோட்டத்தால் வெளியேறுவதே மிகுதி. ‘கதிர்வீசி’ என்று தமிழாக்கினால் அந்தப் பிழையையும் சேர்த்தே தமிழாக்குவோம். ஆகவே பட்டறைச் சொல்லே இங்கும் இருக்கட்டும்.

மூடி வெறும் மூடியன்று. குக்கரின் வெயிட் செய்யும் வேலையை அது செய்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால், கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டிய நீர் ஏறத்தாழ 111 வரை கொதிக்காது. மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு 2240 மீட்டர் உயரத்து உதகைக்கு ஏறும் வண்டிக்கு இது உயிர்நாடி. அங்கே திறந்த பாத்திரத்து நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல மூடி அதை 106 வரை தள்ளிப்போடும். மலைப்பாதையில் பானெட்டைத் திறந்துவைத்து நிற்கும் பழைய வண்டிகள் பலவற்றில் குற்றவாளி ரப்பர் தேய்ந்த மூடிதான். ரேடியேட்டர் வீணாகப் பழி சுமக்கிறது.

3. ஒழுகலின் வகைகள்

வண்டி நின்ற இடத்தில் காலையில் ஈரம் இருந்து, ஓடும்போது நின்றுவிட்டால், முதலில் ஹோஸ் கிளிப்பைப் பார்க்க வேண்டும். குளிரில் சுருங்கும் இணைப்பு சூட்டில் விரிந்து தானே இறுகிக்கொள்ளும். சூடேறிய பின் மட்டும் ஒழுகினால், அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும் மயிரிழை விரிசல். தொட்டியும் குழாய்த் தகடும் சேரும் ஈயப்பற்றில் இது சாதாரணம். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை வழியே சொட்டினால் பம்பின் சீல் போய்விட்டது. அந்தத் துளை ஒழுகுவதற்கென்றே வைத்தது. அதை அடைப்பவர் பேரிங்கைக் கொல்கிறார். வெளியே எங்கும் ஈரமில்லாமல் நீர் மட்டும் குறைந்து, ஆயில் பால்போலக் கலங்கியிருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டரில் கைவைப்பது அப்போது வீண்வேலை.

மற்றபடி, கசிந்த இடம் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். நீர் ஆவியாகிப் போக, உப்பு வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குக் கட்டியிருக்கும். அந்தப் பொருக்கைச் சுரண்டி எறியும் முன் சற்று நின்று பார்க்கலாம். ஊற்றிய நீரில் என்ன இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

4. ஊற்றிய நீரின் கணக்கு

வெந்நீர் அண்டாவின் அடியில் படியும் வெள்ளை ஏடு நம் வீடுகளுக்குப் புதிதன்று. கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறியதும் கரையாத கார்பனேட்டாகப் படிகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கே முதலில் படியும். எஞ்சினில் அது சிலிண்டரைச் சுற்றிய நீர்வழி. அங்கிருந்து பெயரும் துகள்களும் வார்ப்பிரும்பின் துருவும் சேர்ந்து ரேடியேட்டர்க் குழாய்களில் அடைகின்றன.

மூடிய அமைப்பில் ஒருமுறை கடின நீரை ஊற்றிவிட்டால்கூடப் பெரிய கேடில்லை. அந்த நீரில் உள்ள சுண்ணாம்பு ஒருமுறை படியும், அதோடு தீர்ந்தது. ஒழுகும் வண்டியின் கதை வேறு. குடிநீருக்கான இந்தியத் தரம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை ஏற்கிறது. நாம் 500 என்றே வைத்துக்கொள்வோம். தினம் அரை லிட்டர் ஊற்றும் வண்டிக்குள் ஓராண்டில் ஏறத்தாழ 90 கிராம் சுண்ணாம்பு போகிறது. சொட்டுச்சொட்டாக ஒழுகும் நீரோடு ஒரு பங்கு வெளியேறலாம். ஆவியாகப் போகும் நீர் மட்டும் எதையும் எடுத்துச் செல்லாது, முழுவதையும் உள்ளேயே விட்டுப் போகும்.

இதன் சுழற்சியைக் கவனிக்க வேண்டும். ஒழுகுவதால் ஊற்றுகிறோம். ஊற்றுவதால் குழாய் அடைகிறது. அடைந்த குழாயால் சூடு ஏறுகிறது, சூட்டால் அழுத்தம் ஏறுகிறது, அழுத்தத்தால் ஒழுகல் பெருக்கிறது. ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் நிரந்தரமாகக் கிடக்கும் தண்ணீர் கேன், வைத்தியம்போல் தோன்றும் வியாதி.

இன்னொரு வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். வண்டி சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பட்டறைகளில் பரவலான பழக்கம். முள் கீழே இறங்கும், உரிமையாளர் மகிழ்வார். குழாய் அடைப்பு அப்படியே இருக்கும். ஏறத்தாழ 80 டிகிரியில் திறக்க வேண்டிய கதவே இல்லாத எஞ்சின், குளிர்ந்தே ஓடிப் பெட்ரோலையும் தின்று சிலிண்டரையும் தேய்க்கும்.

5. அடைத்தல்

மஞ்சள் தூளில் தொடங்குவது நியாயம். வழியில் நிற்கும் வண்டிக்கு ரேடியேட்டரில் மஞ்சளைக் கொட்டுவது பழங்கைவைத்தியம். அது பலிக்கவும் செய்யும்: வெந்நீரில் ஊறிப் புடைத்த துகள், ஒழுகும் நீரோடு ஓடிவந்து துளையில் சிக்கிக்கொள்கிறது. ஆனால் ஒழுகும் துளை எது, ஓட வேண்டிய குழாய் எது என்று மஞ்சளுக்குத் தெரியாது. கடையில் விற்கும் ஒழுகலடைப்புப் பொடிகளுக்கும் இதே குறை உண்டு. ஊர்போய்ச் சேர ஒருமுறை சரி. சேர்ந்ததும் கழுவிவிட வேண்டும்.

முறையான வழி, கழற்றி ஈயம் வைப்பது. ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, மூடி தாங்கும் அளவுக்கு மட்டும் காற்றேற்றினால் குமிழி வரும் இடம் தெரியும். அங்கே பித்தளை மின்னும்வரை சுரண்ட வேண்டும். பழைய பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர்களுக்குத் தெரிந்த விதிதான்: அழுக்கில் ஈயம் ஒட்டாது, உருண்டு விழும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஆகவே ஒரு பற்றை வைக்கும் தீ, விரலளவு தள்ளியிருக்கும் பழைய பற்றை அவிழ்த்துவிடக்கூடும்; ஈரத்துணியால் அதைப் போர்த்துவது கைத்திறம். பற்றுக்கு உதவிய ஆசிட்டைக் கழுவாமல் விட்டால் அதுவே அடுத்த துளையைத் தோண்டும். மையத்தில் நடுக்குழாய் ஒன்று பொத்தலானால் அதன் இருமுனையையும் அடைத்துவிடலாம். ஓரிரு குழாய் போனால் வண்டிக்குத் தெரியாது.

கழற்றியது கழற்றியபடி மேல்தொட்டியையும் பிரித்து, குழாய்தோறும் மெல்லிய தட்டைக் கம்பி விட்டுத் துப்புரவாக்கச் சொல்ல வேண்டும். கூலி கூடும்தான். துளையை மட்டும் அடைத்துத் திருப்பித் தரும் பட்டறை, முந்தைய பிரிவின் சுழற்சியை அப்படியே திருப்பித் தருகிறது.

6. நிரப்புதல்

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே மூடியில் கைவைக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் அழுத்தம் விட்ட கணமே நீர் ஆவியாய்ச் சீறி முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் அடிக்குழாயை மட்டுமன்றி, எஞ்சின் பிளாக்கில் உள்ள வடிகுழாயையும் திறக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சேறு தங்குவதோ அங்கேதான். தெளிந்த நீர் வரும்வரை கழுவுக.

நிரப்ப வேண்டியது, பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும். எத்திலீன் கிளைக்காலைச் சரிபாதி கலந்தால் −37 டிகிரி வரை உறையாது என்பது நமக்குத் தேவையற்ற பெருமை. உண்மையில் வெப்பம் சுமப்பதில் தனிநீரே வல்லது. கூலன்டை நாம் ஊற்றுவது அதிலுள்ள அரிப்புத் தடுப்பானுக்காக. வார்ப்பிரும்பு, செம்பு, பித்தளை, ஈயம் எல்லாம் ஒரே நீரில் மூழ்கியிருப்பது ஒரு மின்கலம்போல. தடுப்பான் இல்லாவிட்டால் ஓர் உலோகம் இன்னொன்றுக்காகக் கரையும். ஆகவே நம் சமவெளியில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் போதும். நிறத்தை நம்பி வாங்கக்கூடாது, அது வெறும் சாயம். செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றது என்று கேனில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குக. வடித்த பழையதைத் தெருவில் கொட்டக்கூடாது. கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கும், நக்கினால் சாகும்.

மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அழுத்தி அழுத்திக் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென இறங்கும். அப்போது மறுபடி ஊற்றுக. வாய் ததும்ப வேண்டாம். இருபது டிகிரியிலிருந்து நூறுக்குப் போகையில் நீர் நூற்றுக்கு நான்கு பங்கு விரியும். தனி உபரிப் பாட்டில் இல்லாத வண்டியில் அவ்வளவும் தரைக்குத்தான் போகும். அதைப் பார்த்துப் புது ஒழுகல் என்று பதறி ரேடியேட்டரை இரண்டாம் முறை கழற்றியவர்களும் உண்டு.

ஒரு மாதம் கழித்து, குளிர்ந்த காலையில், மூடியைத் திறந்து வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். நிறம் மாறாத நீர் ஒட்டினால் விடலாம். விரலில் செம்மண் ஒட்டினால், பிளாக்கில் இன்னும் துரு மிச்சமிருக்கிறது. வடிகுழாயை மீண்டும் திறக்க வேண்டியதுதான்.