ஹெர்ஷலின் அடிக்குறிப்பு: ஒழுங்கற்ற கருவிழிக்கான லேசர் சிகிச்சையின் முன்வரலாறு

ஒழுங்கற்ற அஸ்டிக்மாட்டிசத்தை, அதாவது கருவிழியின் மேடுபள்ளத்தால் வரும் பார்வைக் குறையை, லேசரால் திருத்தும் முறைக்கு 1983-ஐயே பிறப்பாண்டாகக் கொள்வது வழக்கம். ட்ரோக்கல், பிராரன் ஆகியோருடன் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன் சேர்ந்து எழுதிய, கருவிழியில் எக்சைமர் என்னும் புறஊதா லேசரைப் பயன்படுத்தும் கட்டுரை அவ்வாண்டு வெளிவந்தது. கருவியின் வரலாறு அங்கிருந்து தொடங்குவது சரி. கருத்தின் வரலாறு அதைவிட மூத்தது. ஆங்கில வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 'என்சைக்ளோபீடியா மெட்ரோபாலிடானா'வில் எழுதிய 'ஒளி' என்ற கட்டுரையில் அது கிடைக்கிறது.

அக்கட்டுரையின் அடிக்குறிப்பு ஒன்றைத் தொடுவில்லை (கான்டாக்ட் லென்ஸ்) வரலாற்றாசிரியர்கள் அடிக்கடி எடுத்தாள்கிறார்கள். அதில் இரண்டு யோசனைகள் உள்ளன. கோளவடிவக் கண்ணாடிக் குமிழில் விலங்குக் கூழை நிரப்பிக் கண்மேல் பொருத்துவது ஒன்று. கருவிழியையே அச்செடுத்து ஒளிபுகும் பொருளில் பதிப்பது மற்றொன்று. வழிவழியான வாசிப்பு இரண்டையும் ஒன்றாகக் கட்டி, 'தொடுவில்லையின் முதல் கனவு' என்று முடித்துவிடுகிறது. இதை என்னால் ஏற்க இயலவில்லை.

முதல் யோசனைக்குக் கண்ணின் மேடுபள்ளம் தெரியவேண்டியதில்லை. கூழ் நிரம்பினால் போதும். இரண்டாவதற்கு அந்த ஒரு கண்ணின் வடிவம் முழுதும் தெரிந்தாக வேண்டும். ஒன்று குறையை மறைக்கிறது. மற்றது குறையை அளக்கிறது. அடிக்குறிப்புக்கு மேலுள்ள மூலப்பகுதியும் இதற்குத் துணைநிற்கிறது. உட்புறம் கருவிழியின் நேரெதிர் அச்சாகவும் வெளிப்புறம் சீரான கோளமாகவும் அமைந்த வில்லை, கருவிழியின் பிறழ்வுக்குச் சமமான எதிர்ப்பிறழ்வைத் தந்து அதை நீக்கும் என்பது அங்குள்ள வாதம். இன்று லேசருக்கு நிரல் எழுதுவோர் போடும் கணக்கின் அடிப்படையும் இதுவே.

அச்செடுத்தலும் தொடுவில்லை மரபைச் சேர்ந்ததுதானே என்று கேட்கலாம். 1930-களில் ஹங்கேரியக் கண் மருத்துவர் யோசெஃப் டாலோஸ் உயிருள்ள கண்ணை அச்செடுத்தது உண்மை. ஆனால் அவருடைய அச்சின் நோக்கம் வில்லை கண்ணில் உறுத்தாமல் அமர்வது. பார்வையைத் திருத்தியது இடையில் தேங்கிய நீர். அதாவது ஹெர்ஷலின் கூழ். ஆகவே டாலோஸ் கையில் அச்சு இருந்தும், அவர் முதல் யோசனையின் வாரிசே.

லேசர் அறையிலும் இவ்விரு வழிகளும் தனித்தனியே தொடர்கின்றன. தழும்பேறிய கருவிழியைச் சமன்செய்கையில் பாகுபோன்ற திரவத்தை ஊற்றிப் பள்ளங்களை நிரப்புவார்கள். லேசர் மேடுகளை மட்டும் செதுக்கும். இது கூழின் வழி. மற்றது அச்சின் வழி: 1880-இல் போர்ச்சுகீசியக் கண் மருத்துவர் பிளாசிடோ வட்டங்களின் பிரதிபலிப்பைக் கொண்டு கருவிழியின் வடிவத்தைப் படித்தார், பின்னர் கணினி அவ்வட்டங்களை வரைபடமாக்கியது, 2000-இல் குனோர்ஸ், யென்ட்ரிட்சா இருவரும் அத்தகைய வரைபடத்தால் லேசரை வழிநடத்தி ஒழுங்கற்ற கருவிழிகளைத் திருத்திய முடிவுகளை வெளியிட்டனர்.

இவர்களுள் எவரும் ஹெர்ஷலைப் படித்து இவ்வழிக்கு வந்தார் என்று நான் வாதிடவில்லை. நான் காட்டுவது கொள்கை உறவு மட்டுமே. அதிலும் ஒரு முறிவு உண்டு: ஹெர்ஷலின் வில்லை பள்ளத்தை நிரப்பும், லேசரோ செதுக்க மட்டுமே வல்லது. மேலும், சுமார் 50 மைக்ரான் தடிமனுள்ள, கருவிழியின் மேற்படலமான எபிதீலியம் மேட்டில் மெலிந்தும் பள்ளத்தில் தடித்தும் அடியிலுள்ள குறையின் ஒரு பகுதியை மறைத்துவிடுவதால், மேற்பரப்பின் அச்சு உட்பரப்பின் அச்சாகாது. கூம்புக் கருவிழி போன்ற நோய்களில் செதுக்குவதற்குத் திசுவும் போதாது. 2013-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) வரைபடவழி லேசருக்கு அளித்த ஒப்புதலும் ஒழுங்கான கண்களில் நடந்த ஆய்வின் மேல் அமைந்ததே.

ஆண்டுக் கணக்கிலும் சிக்கல் உள்ளது. ஹெர்ஷல் கட்டுரையின் இறுதியில் 1827 டிசம்பர் என்றிருக்கிறது. தொகுதியின் பதிப்பாண்டாக 1830, 1845 என இரண்டும் மேற்கோள்களில் வழங்குகின்றன. எழுதிய காலத்துக்கு 1827-ஐக் கொள்ளலாம். வாசகர் கைக்கு எட்டிய ஆண்டைத் திறந்தே வைப்பது நேர்மை.

ஆண்டு எதுவாயினும், கூழைப் பற்றிய பாதியை மட்டும் பேசி அச்சைப் பற்றிய பாதியைக் கடந்துபோவது அந்த அடிக்குறிப்புக்குச் செய்யும் அநீதி. இனி அதை எடுத்தாள்வோர் இரு யோசனைகளையும் பிரித்துப் படிக்க வேண்டும்; லேசர் சிகிச்சையின் முன்வரலாற்றில் இரண்டாவதற்கே முதலிடம்.